முடிச்சும் இழையும்: வலைப்பின்னல் ஆய்வுக்குத் தாள் தயாரித்தல்

நம் பள்ளியில் வைத்திருக்கும் பதிவேடுகள் பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. மதிப்பெண் பதிவேட்டில் ஒரு மாணவிக்கு ஒரு வரி. வருகைப் பதிவேட்டிலும் அப்படியே. அந்த வரியில் அவளைப் பற்றிய செய்திகள் இருக்கும். அடுத்த வரியில் உள்ளவள் அவளுக்குத் தோழியா, ஒரே பேருந்தில் வருபவளா, கணக்கு சொல்லிக் கொடுப்பவளா என்பது இராது. ஒருவரைப் பற்றிய செய்தி வேறு, இருவருக்கு இடையே உள்ள உறவைப் பற்றிய செய்தி வேறு. இரண்டாவது வகைச் செய்தியைத் திரட்டி ஆராய்வதற்கே வலைப்பின்னல் ஆய்வு என்று பெயர்.

வலையில் இரண்டே பொருள்கள் உள. ஒன்று முடிச்சு, மற்றது முடிச்சையும் முடிச்சையும் சேர்க்கும் இழை. ஆட்கள், ஊர்கள், வீடுகள், கடைகள் எதுவும் முடிச்சாகலாம். நட்பு, கடன், ரயில் பாதை, கொள்முதல் எதுவும் இழையாகலாம். லுங்கி நெய்யும் ஊரில் வளர்ந்த நமக்கு இச்சொற்களை விளக்க வேண்டியதில்லை. தறியில் உட்கார்ந்து நெய்வதற்கு முன்னால் பாவு ஓட்டி, கஞ்சி தோய்த்து, இழை இழையாகப் பிணைத்து ஆயத்தம் செய்ய எவ்வளவு பாடு என்பதும் நமக்குத் தெரியும். கணிப்பொறியில் வலைப்பின்னலை ஆராய்வதிலும் அதே கதைதான். ஆய்வுக் கட்டளை ஒரு வரி. அதற்கு முன்னால் தாளைச் சரிசெய்ய ஒரு வாரம். இக்கட்டுரை அந்த ஒரு வாரத்தைப் பற்றியது.

ஹட்சன் பள்ளியும் கர்நாடகக் கிராமங்களும்

1932ஆம் ஆண்டு அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் என்னும் ஊரில் இருந்த பெண்கள் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரங்களில் 14 பெண்கள் ஓடிப்போய்விட்டனர். வழக்கமாக ஓடுபவர்களைக் காட்டிலும் இது 30 மடங்கு. ஜேக்கப் மொரேனோ என்னும் மனநல மருத்துவரும், அவருடன் பணியாற்றிய ஹெலன் ஜென்னிங்ஸ் அம்மையாரும் அப்பள்ளியில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தனர். யார் யாரோடு சேர்ந்து இருக்க விரும்புகிறாள் என்று பெண்களைக் கேட்டு, ஒவ்வொருத்திக்கும் ஒரு வட்டமும், ஒவ்வொரு விருப்பத்திற்கும் ஒரு கோடும் வரைந்து வைத்திருந்தனர். ஓடிப்போன பெண்களை அந்தப் படத்தில் தேடிப் பார்த்தபோது, அவர்கள் ஆளுக்கொரு மூலையில் இல்லை. ஒருத்தியின் எண்ணம் இன்னொருத்தியை எட்டும்படி அவர்களை இழைகள் சேர்த்திருந்தன. தனித்தனியே ஒவ்வொருத்தியின் குணத்தையும் துருவியிருந்தால் இது தெரிந்திராது. மொரேனோ இதை 1934இல் நூலாக வெளியிட்டார். கணிப்பொறி இல்லாத காலம். 500 பெண்களுக்கு மேல் இருந்த பள்ளி. அத்தனை கோடுகளையும் கையால் வரைந்தார்கள் என்பதை நினைத்தால் நம் சோம்பலுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நம் நாட்டில் இவ்வகை ஆய்வில் பேர்பெற்றது கர்நாடகக் கிராமங்களில் நடந்தது. 2006இல் 75 கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, யார் வீட்டுக்குப் போவீர்கள், அரிசியோ மண்ணெண்ணெயோ யாரிடம் கைமாற்று வாங்குவீர்கள், அவசரத்துக்குப் பணம் யாரிடம் கேட்பீர்கள், யாரிடம் யோசனை கேட்பீர்கள், கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ மசூதிக்கோ யாரோடு சேர்ந்து போவீர்கள் என்று பன்னிரண்டு வகை உறவுகளைக் கேட்டு எழுதினார்கள். பின்னர் பாரத ஸ்வமுக்தி சம்ஸ்தே என்னும் நிறுவனம் அவற்றுள் 43 கிராமங்களில் பெண்களுக்குச் சிறுகடன் கொடுக்க முன்வந்தது. அந்நிறுவனம் ஒவ்வோர் ஊரிலும் முதலில் ஆசிரியர், கடைக்காரர், சுய உதவிக் குழுத் தலைவி போன்ற சிலரிடம் மட்டும் செய்தியைச் சொல்லும். அவர்கள் வழியாக ஊருக்குப் பரவ வேண்டும். முதலில் சொல்லப்பட்டவர்கள் வலையில் நல்ல இடத்தில் இருந்த ஊர்களில் கடனில் சேர்ந்த வீடுகள் அதிகமாக இருந்தன. நல்ல இடம் என்றால் நிறையப் பேரைத் தெரிந்திருப்பது மட்டும் அன்று. நிறையப் பேரைத் தெரிந்தவர்களைத் தெரிந்திருப்பது. அபிஜித் பானர்ஜி, அருண் சந்திரசேகர், எஸ்தர் டூஃப்ளோ, மேத்யூ ஜாக்சன் ஆகிய நால்வரும் இதை 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினர். முதலாமவரும் மூன்றாமவரும் 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்கள்.

தமிழ்நாட்டிலும் எலினார் பவர் என்னும் மானிடவியல் அறிஞர் இரண்டு கிராமங்களில் தங்கி, யார் யாருக்கு ஆபத்தில் உதவுகிறார்கள் என்று வலை வரைந்தார். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வாழும் ஊர்கள் அவை. பலர் அறிய வழிபாட்டில் பங்கேற்று, நேர்ச்சை போன்ற சிரமமான கடமைகளை நிறைவேற்றுபவர்களுக்கு, உதவும் உறவுகளும் அதிகம் என்று 2017இல் அவர் வெளியிட்டார். நம் தாய்மார்களுக்கு இது புதுச் செய்தியாக இராது. ஆனால் தெரிந்ததை எண்ணிக் காட்டுவது வேறு வேலை.

இவ்வாய்வுகளில் எல்லாம் முதலில் கையில் கிடைப்பது கேள்வித்தாள் கட்டு. அதைக் கணிப்பொறியின் விரிதாளில், அதாவது நாம் எக்செல் என்று சொல்லும் கட்டம் போட்ட தாளில், ஏற்ற வேண்டும். பிறகு ‘ஆர்’ என்னும் புள்ளியியல் மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்னும் இருவர் தொடங்கிய மென்பொருள் இது, விலை கிடையாது. வலைப்பின்னலுக்கென்று அதனோடு சேர்த்துக்கொள்ளும் ‘ஐகிராஃப்’ என்னும் துணைத்தொகுப்பு 2006 முதல் உண்டு. அதற்கும் விலை கிடையாது.

இரண்டு தாள் வேண்டும்

ஐகிராஃப் எதிர்பார்ப்பது இரண்டு தாள்கள். முதலாவது இழைத்தாள். அதில் ஓர் இழைக்கு ஒரு வரி. முதல் பத்தியில் ஒரு முனை, இரண்டாம் பத்தியில் மறு முனை, அதற்கப்புறம் அந்த இழையைப் பற்றிய செய்திகள். இரண்டாவது முடிச்சுத்தாள். அதில் ஒரு முடிச்சுக்கு ஒரு வரி. முதல் பத்தியில் அதன் பெயர் அல்லது எண், அதற்கப்புறம் அதைப் பற்றிய செய்திகள். இவ்வளவுதான் இலக்கணம்.

நமக்குத் தெரிந்த வலை ஒன்றை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் ரயில் பாதையில் நம் ஊர் இருக்கிறது. லத்தேரி, வளத்தூர், மேல்பட்டி போன்ற சிறு நிலையங்களை விட்டுவிட்டு, பெரிய நிலையங்களையும் சுற்றியுள்ள சந்திப்புகளையும் மட்டும் எழுதினால் இழைத்தாள் இப்படி வரும்:

1. சென்னை – அரக்கோணம்
2. அரக்கோணம் – காட்பாடி
3. காட்பாடி – குடியாத்தம்
4. குடியாத்தம் – ஆம்பூர்
5. ஆம்பூர் – வாணியம்பாடி
6. வாணியம்பாடி – ஜோலார்பேட்டை
7. ஜோலார்பேட்டை – பெங்களூரு
8. ஜோலார்பேட்டை – சேலம்
9. காட்பாடி – விழுப்புரம்
10. விழுப்புரம் – செங்கல்பட்டு
11. செங்கல்பட்டு – அரக்கோணம்
12. செங்கல்பட்டு – சென்னை
13. காட்பாடி – திருப்பதி
14. திருப்பதி – ரேணிகுண்டா
15. ரேணிகுண்டா – அரக்கோணம்
16. பெங்களூரு – சேலம்
17. சேலம் – விழுப்புரம்

முடிச்சுகள் 13, இழைகள் 17. ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை இழைகள் சேர்கின்றன என்று விரல்விட்டு எண்ணுங்கள். காட்பாடிக்கு 4, அரக்கோணத்துக்கு 4, ஜோலார்பேட்டைக்கு 3, குடியாத்தத்துக்கு 2. பதின்மூன்றையும் கூட்டினால் 34 வரும். அது 17இன் இருமடங்கு. ஓர் இழைக்கு இரண்டு முனை என்பதால் எந்த வலையிலும் இந்தக் கூட்டுத்தொகை இழைகளின் இருமடங்காகவே இருக்கும். உங்கள் கணக்கு அப்படி வராவிட்டால் எங்கோ ஒன்றை விட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

இப்போது ஒரு தவறு நடக்கட்டும். மூன்றாம் வரியைத் தட்டச்சு செய்தவர் குடியாத்தம் என்று அடித்தார். நான்காம் வரியைத் தட்டச்சு செய்தவர் ஊரின் பழம்பெயரை மறவாதவர். குடியேற்றம் என்று அடித்துவிட்டார். நமக்கு இரண்டும் ஒரே ஊர். கணிப்பொறிக்கு அவை இரண்டு ஊர்கள். வலையில் இப்போது 14 முடிச்சுகள். காட்பாடியிலிருந்து வரும் பாதை குடியாத்தத்தில் முட்டி நின்றுவிடும். ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு வழி கேட்டால் வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, சேலம், விழுப்புரம் என்று ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போகச் சொல்லும். மென்பொருள் பிழை என்று கூவாது. அடக்கமாகத் தப்பான விடையைக் கொடுக்கும். முனைகளைக் கூட்டிப் பார்த்தாலும் அதே 34தான் வரும் என்பதால் அந்தச் சோதனையும் இதைக் காட்டிக் கொடுக்காது.

இதைப் பிடிப்பதற்கே முடிச்சுத்தாள். அது வகுப்பின் வருகைப் பதிவேடு போன்றது. பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருத்தி வகுப்பில் உட்கார்ந்திருந்தால் ஆசிரியை கண்டுபிடித்துவிடுவார் அல்லவா? அதே போல முடிச்சுத்தாளில் இல்லாத பெயர் இழைத்தாளில் வந்தால் ஐகிராஃப் உடனே நின்று, பட்டியலில் இல்லாத பெயர் இருக்கிறது என்று சொல்லும். முடிச்சுத்தாளில் ஒரே பெயர் இருமுறை வந்தாலும் நிற்கும். ஆகையால் இழைத்தாள் ஒன்றே போதும் என்று யார் சொன்னாலும் கேளாதீர்கள்.

பெயரைவிடக் குறியீடு நல்லது. ரயில்வேக்காரர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். நம் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ரயில்வே ஒருவிதமாகவும் அரசு அலுவலகங்கள் வேறுவிதமாகவும் எழுதுகின்றன. ஆனால் நிலையக் குறியீடு ஜி.ஒய்.எம். என்பது ஒன்றே. காட்பாடிக்குக் கே.பி.டி., ஜோலார்பேட்டைக்கு ஜே.டி.ஜே., அரக்கோணத்துக்கு ஏ.ஜே.ஜே. பெயரில் எத்தனை குழப்பம் இருந்தாலும் குறியீட்டில் இல்லை. இழைத்தாளில் குறியீட்டை மட்டும் எழுதி, பெயரை முடிச்சுத்தாளில் ஒரே ஓர் இடத்தில் வைத்துக்கொள்வதே முறை.

மாவட்டத்தையும் முடிச்சுத்தாளில்தான் எழுத வேண்டும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. குடியாத்தமும் காட்பாடியும் வேலூரிலேயே இருக்க, ஆம்பூரும் வாணியம்பாடியும் ஜோலார்பேட்டையும் திருப்பத்தூருக்குப் போயின. அரக்கோணம் ராணிப்பேட்டைக்குப் போயிற்று. மாவட்டப் பெயரை ஒவ்வோர் இழைக்கும் பக்கத்தில் எழுதி வைத்திருந்தவர் பல இடங்களில் திருத்த வேண்டியிருந்திருக்கும்; ஒன்று தவறாமல் விட்டுப்போகும். முடிச்சுத்தாளில் எழுதியவர்க்கு ஊருக்கு ஒரு திருத்தம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு வில்லங்கம் உண்டு. ஜோலார்பேட்டையின் முதலெழுத்தைக் கணிப்பொறி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். இரட்டைக்கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக வைக்கலாம். அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரு குறிகளாக வைக்கலாம். திரையிலும் தாளிலும் இரண்டும் மயிரிழையும் மாறாமல் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் கணிப்பொறிக்கு அவை வேறு வேறு சொற்கள். வெவ்வேறு விசைப்பலகையில் அடித்த இரண்டு தாள்களைச் சேர்க்கும்போது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ஊர் இரண்டாகப் பிளந்து நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். ‘ஸ்ட்ரிங்கி’ என்னும் துணைத்தொகுப்பில் எல்லாவற்றையும் ஒரே விதமாக்கித் தரும் கட்டளை உண்டு. பெயருக்குப் பின்னால் தெரியாமல் தட்டப்பட்ட இடைவெளியும் இதே போன்ற கள்ளன்தான்; அதையும் களைய வேண்டும்.

ரயில் வலையில் இன்னொன்றையும் பார்த்துவிடுவோம். சென்னையிலிருந்து பெங்களூருக்கு மிகக் குறுகிய வழி எது என்று மென்பொருளைக் கேட்டால், நம் ஊர் வழியை அது சொல்லாது. செங்கல்பட்டு, விழுப்புரம், சேலம் வழியாகப் போகச் சொல்லும். ஏனென்றால் நம் ஊர் வழியில் 7 இழைகள். அந்த வழியில் 4 இழைகளே. உண்மையில் காட்பாடி வழித் தொலைவு ஏறத்தாழ 360 கிலோமீட்டர். மற்றது 500ஐத் தாண்டும். தவறு மென்பொருளுடையது அன்று. நம் ஊர்ப் பக்கத்தில் ஆம்பூர், வாணியம்பாடி என்று நிலையம் நிலையமாக எழுதிய நாம், மற்றப் பக்கத்தில் திருவண்ணாமலையையும் விருத்தாசலத்தையும் தருமபுரியையும் ஒரே தாவாகத் தாவிவிட்டோம். எதை முடிச்சாக எழுதுவது என்று தீர்மானிக்கும்போதே விடையின் பாதி தீர்மானமாகிவிடுகிறது. மூன்றாம் பத்தியில் கிலோமீட்டரை எழுதி, அப்பத்திக்கு எடை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லான ‘வெயிட்’ என்று தலைப்பிட்டால் ஐகிராஃப் அதைத் தானாகவே எடுத்துக்கொண்டு சரியான வழியைச் சொல்லும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். வழி தேடும்போது எடை அதிகம் என்றால் தூரம் அதிகம். நட்பில் எடை அதிகம் என்றால் நெருக்கம் அதிகம். ஒன்றுக்கொன்று நேர் எதிர். இதைக் கவனியாமல் வழிக் கணக்குப் போட்டால் உயிர்த்தோழிகள் தூரத்து உறவாகிவிடுவார்கள்.

வகுப்பறை வலை

இனி ஹட்சன் பள்ளியில் கேட்டது போன்ற ஒரு கேள்வியை நம் வகுப்பிலேயே கேட்பதாக வைத்துக்கொள்வோம். 42 மாணவியர். “மதிய உணவின்போது யார் பக்கத்தில் உட்கார விரும்புவாய்? மூன்று பேர் வரை எழுது.” விடைத்தாள்களை விரிதாளில் ஏற்றும்போது எல்லோரும் இயல்பாகச் செய்வது என்ன? ஒரு மாணவிக்கு ஒரு வரி. பக்கத்தில் முதல் தோழி, இரண்டாம் தோழி, மூன்றாம் தோழி என்று மூன்று பத்திகள். எழுதுவதற்கு இது சௌகரியம், ஆய்வுக்கு உதவாது. ஓர் இழைக்கு ஒரு வரி என்ற இலக்கணப்படி இந்த அகலத் தாளை நீளத் தாளாக்க வேண்டும். 7ஆம் எண் மாணவி 12, 30, 5 என்று எழுதியிருந்தால் அவளுக்கு மூன்று வரிகள்: 7 – 12, 7 – 30, 7 – 5. இரண்டே பேரை எழுதியவளுக்கு இரண்டு வரிகள். 42 பேரும் மூன்று பேரை எழுதினால் 126 வரிகள். கையால் வெட்டி ஒட்ட வேண்டாம். ஆர் மென்பொருளில் ஒரே கட்டளையில் அகலத்தை நீளமாக்கலாம். வெட்டி ஒட்டும் கை எங்கேயாவது ஒரு வரி வழுக்கும்.

சிலர் 42க்கு 42 கட்டம் போட்டு, விரும்பினால் 1, இல்லையேல் 0 என்று நிரப்புவார்கள். கர்நாடக ஆய்வின் தரவுகளும் அவ்வித அணிகளாகவே வெளியாயின. கணிதத்துக்கு அது அழகு; தட்டச்சுக்குத் தண்டனை. 1764 கட்டங்களில் அதிகமாகப் போனால் 126இல்தான் ஒன்று வரும். மற்றதெல்லாம் சைபர் அடிப்பதிலேயே பொழுது போகும்.

திசையையும் கவனிக்க வேண்டும். ரயில் பாதைக்குத் திசையில்லை. போகவும் வரவும் ஒரே பாதைதான். 7ஆம் எண்ணுக்காரி 12ஆம் எண்ணுக்காரியை விரும்பினால், 12 என்பவள் 7ஐ விரும்பியாக வேண்டும் என்பதில்லை. ஆதலால் முதல் பத்தியில் எப்போதும் எழுதியவள், இரண்டாம் பத்தியில் எழுதப்பட்டவள். இதைத் தலைப்பிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். நம் பக்கத்துத் தொழிலிலும் திசை உண்டு. பச்சைத்தோல் சந்தையிலிருந்து பதனிடும் தொழிற்சாலைக்கு, அங்கிருந்து ஷூ கம்பெனிக்கு, அங்கிருந்து துறைமுகத்துக்கு. தோல் ஒருபோதும் திரும்பி நடப்பதில்லை. பணம் வேண்டுமானால் எதிர்த்திசையில் வரும். தோலையும் பணத்தையும் ஒரே தாளில் கலந்தால் வலை பொருளற்றதாகிவிடும்.

அடுத்து வருவதே இக்கட்டுரையில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது. அந்த 42 பேரில் ஒருத்தி யாரையும் எழுதவில்லை. அவளையும் யாரும் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இழைத்தாளில் அவள் எண் எங்குமே வராது. இழைத்தாளை மட்டும் கொடுத்து வலை வரையச் சொன்னால் மென்பொருள் 41 முடிச்சுகளை வரைந்து தரும். வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டால் 41 என்று கூசாமல் சொல்லும். சராசரியாக ஒருத்திக்கு எத்தனை தோழிகள் என்னும் கணக்கும் சற்றே உயர்ந்து, வகுப்பு ஒற்றுமையாக இருப்பதுபோல் காட்டும். யாரைக் கண்டுபிடிப்பதற்காக இந்தக் கேள்வியைக் கேட்டோமோ, அவளே கணக்கிலிருந்து விழுந்துவிட்டாள். முடிச்சுத்தாளில் 42 பேரும் இருந்தால் அவள் படத்தில் தனியாக ஒரு புள்ளியாக நிற்பாள். வகுப்பாசிரியை பார்க்க வேண்டியது அந்தப் புள்ளியைத்தான்.

அவளோடு குழப்பிக்கொள்ளக் கூடாதவள் ஒருத்தி உண்டு: கேள்வி கேட்ட அன்று காய்ச்சலில் விடுப்பு எடுத்தவள். அவளும் யாரையும் எழுதவில்லை. ஆனால் அவளுக்குத் தோழிகள் இல்லை என்பது அதற்குப் பொருளன்று. நாம் அவளைக் கேட்கவில்லை. முன்னவளுக்குச் சைபர், இவளுக்கு வெற்றிடம். இரண்டையும் ஒன்றாக்கினால் ஒன்று, இல்லாத தனிமையை இவள்மேல் ஏற்றுவோம். அல்லது இருக்கும் தனிமையை அவளிடம் காணாமல் விடுவோம். முடிச்சுத்தாளில் ‘அன்று வந்தாளா’ என்று ஒரு பத்தி சேர்த்து ஆம், இல்லை என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. மூன்று பேர் வரை என்று நாமே வரம்பு கட்டியதையும் எங்காவது குறித்து வையுங்கள். நான்காம் தோழி இல்லாததற்குக் காரணம் அவள் அல்லள், நம் கேள்வி.

எக்செல் செய்யும் குறும்பு

விரிதாள் என்பது கேளாமலே உதவி செய்யும் உறவினர் போன்றது. 007 என்று எண் கொடுத்தால், முன்னால் உள்ள சைபர்கள் வீண் என்று 7 ஆக்கிவிடும். ஒரு தாளில் 007, இன்னொன்றில் 7 என்றிருந்தால் மறுபடி இரண்டு ஆள். எட்டாம் வகுப்பு 12ஆம் எண் என்பதை 8-12 என்று அடித்தால், அதைத் தேதி என்று எண்ணி மாற்றிவிடும். இது நம்மை மட்டும் படுத்தவில்லை. மரபணுக்களின் பெயர்களில் மார்ச், செப்டம்பர் மாதங்களின் சுருக்கம் போன்றவை சில இருந்தன. எக்செல் அவற்றைத் தேதியாக்கிவிட, எக்செல் பட்டியலோடு வெளிவந்த மரபணு ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்பிழை இருந்தது என்று 2016இல் கண்டார்கள். கடைசியில் 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். எக்செலை மாற்றுவதைவிட அறிவியலை மாற்றுவது எளிதாக இருந்தது போலும்! நாம் செய்ய வேண்டியது, தட்டச்சுக்கு முன்பே அப்பத்தியை எழுத்து வடிவம் என்று அமைத்துவிடுவது. அல்லது மா7, மா12 என்று எழுத்தில் தொடங்கும் குறியீடு கொடுப்பது.

இதைவிடப் பெரிய விபரீதம் அதே 2020இல் இங்கிலாந்தில் நடந்தது. கொரோனா நோயாளிகளின் பட்டியலைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவ்வகைக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. அதற்கு மேல் வந்தவை சத்தமின்றி வெட்டுண்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் கணக்கில் வரவில்லை. அந்தப் பட்டியலை வைத்துத்தான் ஒவ்வொரு நோயாளியும் யார் யாரைச் சந்தித்தார் என்று தேடிச் சென்று எச்சரிப்பார்கள். முடிச்சு விழுந்தால் அதிலிருந்து புறப்படும் இழைகள் எல்லாம் விழுந்தன. எச்சரிக்கப்பட வேண்டியவர்கள் ஒன்றும் அறியாமல் வேலைக்கும் வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள். அனுப்பிய வரிகள் எத்தனை, வந்து சேர்ந்த வரிகள் எத்தனை என்று ஒருமுறை எண்ணியிருந்தால் போதும்.

கண்ணுக்கு அழகாகச் செய்பவையும் ஆய்வுக்குப் பகை. இரண்டு மூன்று கட்டங்களை ஒன்றாக இணைத்துத் தலைப்பு எழுதுவது, விடுப்பில் இருந்தவர்களுக்கு மஞ்சள் வண்ணம் தீட்டுவது, நடுவே வெற்று வரி விடுவது ஆகியவற்றை மென்பொருள் அறியாது. வண்ணத்தில் செய்தி வைத்தால் அது வண்ணத்தோடே போய்விடும். தனிப் பத்தியில் எழுதுங்கள். தலைப்பு ஒரே வரியில் இருக்கட்டும். அடியில் ‘மொத்தம்’ என்று வரி சேர்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. முதல் பத்தியில் மொத்தம் என்ற சொல்லும் பக்கத்தில் 126 என்ற எண்ணும் இருந்தால், மொத்தம் என்னும் பெயருடைய ஒரு மாணவி 126 என்னும் எண்ணுடைய மாணவியின் பக்கத்தில் உட்கார விரும்புகிறாள் என்று மென்பொருள் பயபக்தியுடன் எழுதிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்தபின் இரண்டு தாள்களையும் தனித்தனிக் கோப்பாக, காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட சி.எஸ்.வி. வடிவில் சேமிக்க வேண்டும். சேமிக்கும்போது யூ.டி.எஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். முதலில் தட்டச்சு செய்த மூலத்தாளைத் தொடாமல் அப்படியே ஒரு பிரதி வைத்துவிட்டு, திருத்தங்களை மற்றப் பிரதியில் செய்யுங்கள். ஆர் மென்பொருளில் ஏற்றியதும் படம் வரைய அவசரப்படாமல் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். முடிச்சுகள் எத்தனை? 42 வர வேண்டும். இழைகள் எத்தனை? தாளிலுள்ள வரிகளின் எண்ணிக்கை வர வேண்டும். தன்னைத் தானே எழுதியவள் யாராவது உண்டா? ஒரே இழை இருமுறை ஏறியிருக்கிறதா? நான்குக்கும் சரியான விடை வந்தபிறகே வலையைப் பார்க்கத் தகுதி பெறுகிறோம்.

ஒன்று பாக்கி. வகுப்பறை வலையில் யார் தனித்து நிற்கிறாள் என்பது எண்ணாக இருக்கும்வரை ஆய்வு. பெயராகிப் பலகையில் ஏறினால் கொடுமை. எலினார் பவர் தாம் ஆய்ந்த ஊர்களுக்குக்கூடத் தென்பட்டி, அழகாபுரம் என்று புனைபெயரிட்டே எழுதினார். 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்களைப் பற்றிய தரவுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆகவே கேள்வி கேட்குமுன் வீட்டுக்குக் கடிதம் போக வேண்டும். விருப்பமில்லாதவள் எழுதாமலிருக்கலாம் என்றும் சொல்லிவிட வேண்டும். கணிப்பொறியில் மா7, மா12 என்ற குறியீடுகள் மட்டும் இருக்கட்டும். எந்தக் குறியீடு யாருடையது என்னும் பட்டியலைக் கையால் ஒரு குறிப்பேட்டில் எழுதி, வகுப்பாசிரியையின் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்ட வேண்டும். வருகைப் பதிவேட்டின் வரிசை எண்ணையே குறியீடாக வைத்தால் பூட்டினாலும் பயனில்லை. யாரும் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். 42 துண்டுச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு எண் கொடுங்கள்.